ரெண்டுக்கும் ஒரே துப்பாக்கி

மொதல்ல கண்ண மூடுங்க தம்பி. அட, மூடுங்க. துப்பாக்கி பாக்க வந்தவரைக் கண்ண மூடச் சொல்றானே இந்தக் கெழவன்னு நெனைக்காதீங்க. மூடிட்டீங்களா? இப்பத் தூக்கித் தோள்ல வைங்க. காலிதான், உங்க முன்னாலதானே மடக்கிக் காட்டினேன், ரெண்டு குழல்லயும் தோட்டா இல்லை. இருந்தாலும் முனையக் கிணத்துப் பக்கம் திருப்புங்க. மாட்டுக்கொட்டாய்ப் பக்கம் வேண்டாம். அங்க மயிலான் உக்காந்திருக்கான். அவனுக்குக் கண்ணு தெரியாது, நீங்க எங்க நீட்டினாலும் அவனுக்கு ஒண்ணுமில்லை. எனக்குத்தான் ஆகாது.

சரி. கட்டை தோள்ல பதிஞ்சுதா? கன்னம் தானா கட்டை மேல வந்து படுத்துதா? இப்பக் கண்ணத் தெறங்க. குழல் முனையில ஒரு பித்தளைப் பொட்டு இருக்குதே, அது நேரா நடுவுல தெரியுதுங்களா? தெரிஞ்சா இது உங்க துப்பாக்கி. கழுத்த நீட்டி, தோளக் குறுக்கி, பொட்டு எங்க பொட்டு எங்கன்னு தேட வெச்சுதுன்னா அது வேற ஆரோடதோ. ஓசியில குடுத்தாலும் வாங்காதீங்க. பறவை உங்களுக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?

கீழ வைங்க. மோரு எடுத்துக்குங்க.

நீங்க கடுதாசியில கேட்டிருந்தீங்க, ஞாயித்துக்கெழமை கிளப்புல, மிஷினு வானத்துல எறியற மண் தட்டைச் சுடறதுக்கும் வேணும், பர்மிட் வாங்கிப் பறவை சுடறதுக்கும் வேணும், ரெண்டுக்கும் ஒரே துப்பாக்கி ஆகுமான்னு. ஆகுமுங்க. இது ஆகும். குழல் இருபத்தெட்டு அங்குலம். தட்டு சுடறவிய முப்பது கேப்பாங்க, நீளமா இருந்தா ஆட்டமில்லாம வீசும்னு. பொதருக்குள்ள நடக்கறவிய இருபத்தாறு கேப்பாங்க, வெடுக்குனு தூக்கலாம்னு. இது நடுவால. வலது குழல் வாய் கொஞ்சம் விரிஞ்சிருக்கும், ரவை பரந்து போகும், கிட்டத்துக்கு. இடது குழல் வாய் இறுக்கம், ரவை சேந்து போகும், தூரத்துக்கு. ரவைன்னா உப்புமா ரவை இல்லீங்க, தோட்டாவுக்குள்ள கெடக்கற ஈயக்குண்டு. தட்டுக்குப் பொடிசாப் போடோணும், பறவைக்குப் பெருசாப் போடோணும். முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. தோட்டாவ மாத்தினாப் போதும், துப்பாக்கிய மாத்த வேண்டியதில்லை. இருவத்திரண்டு வருசம் ஆச்சு, ஒரு திருகாணி தளரலை. துப்பாக்கி மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது.

ஆனா விக்கறதுக்கு முன்னால ஒரு சமாச்சாரம் சொல்லோணும். அது என்ர சம்சாரம் போட்ட கட்டளை. தெய்வாத்தா. போன ஐப்பசியில தவறிட்டா. போறதுக்கு முன்னால, "அந்தத் துப்பாக்கிய வித்துருங்க. வாங்கறவிய கிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லிட்டுத்தான் விக்கோணும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. உங்களுக்கு முன்னால மூணு பேரு வந்தாங்க. மூணு பேர்த்துக்கிட்டயும் சொன்னேன். அப்புறமா வரேன்னு போனவிய திரும்பி வரலை. லைசென்சு இந்த மாசக் கடைசியோட முடியுது. அதைக்கூட விடுங்க, போலீசு ஸ்டேசன்ல ஒப்படைச்சுட்டுப் போறேன். சொல்லிட்டேன், மூணு தடவை சொல்லிட்டேன், ஆனா அவ போகமாட்டேங்கறா. அதுதான் என் பாடு.

பேய் பிசாசுன்னு சொல்ற ஆளில்லைங்க நானு. ஜின்னிங் பேக்டரி வெச்சு முப்பது வருசம் நடத்தினவன். சாயங்காலம் அஞ்சு அஞ்சரைக்கு இதே நாற்காலியில உக்காந்திருப்பேன். பின்னால இருந்து ஒரு குரல். ஒரே ஒரு சொல்லு. திரும்பினா ஆருமில்லை. அது கேட்டதும் என்ர வலது தோளு தானா மேல எந்திரிக்குது தம்பி. நானாத் தூக்கறதில்லை. பஸ்ல கண்டக்டரு "போலாம் விடு"ன்னு கத்தினாக் கூட எந்திரிக்குது. பக்கத்துல உக்காந்தவன் என்னங்க, வாதமாங்கறான். ஆமாம்பான்னு சொல்லிட்டு எறங்கிப்போட்டேன். அதோட பஸ் ஏறறதையே நிறுத்திட்டேன்.

சரி, மொதல்ல இருந்து வரேன். இது வாங்கினது அறுபத்தாறுல. கோயமுத்தூர்ல ஒரு கடை, இப்ப இல்லை. கடைக்காரரு நல்ல மனுசன். "தட்டுக்கு ஒண்ணு, பறவைக்கு ஒண்ணுன்னு ரெண்டா வாங்கிக்குங்க"ன்னாரு. அப்பக் கூட நின்னவரு மில்லுக்காரர் லட்சுமிநரசு. எங்க கிளப்புல அவருதான் பெரிய சூட்டரு. நாலு துப்பாக்கி வெச்சிருந்தாரு. நான் இதை எடுத்துத் தோள்ல வெச்சுப் பாத்துட்டு, எனக்கு ரெண்டுக்கும் இது ஒண்ணே போதும்னேன். லட்சுமிநரசு சிரிச்சாரு. என்ன சிரிப்புங்கறீங்க, கடையில வேலை செய்யறவனெல்லாம் திரும்பிப் பாத்தான். "தட்டு கெளம்பறப்ப வேகம், போகப்போகத் தளரும். பறவை கெளம்பறப்ப மெதுவு, போகப்போக வேகம் எடுக்கும். ஒரு கை ரெண்டும் செய்யாதுங்க"ன்னாரு. அன்னைக்கு எனக்குள்ள ஒண்ணு உக்காந்துக்கிச்சு. செஞ்சு காட்டறேன்டான்னு. அந்த வயசுல அப்படித்தான் இருக்கும், உங்களுக்குத் தெரியாததா.

கிளப்புல பழைய தட்டு மிஷினு ஒண்ணு கழிச்சுப் போட்டாங்க. அதை வாங்கியாந்து நம்ம தோட்டத்துலயே, அதோ, அந்தக் களத்துக்கு அக்கட்டால குழி வெட்டி நிறுத்தினேன். குழிக்குள்ள மயிலான். அப்ப அவனுக்கு இருவத்தஞ்சு வயசு இருக்கும், நம்ம பண்ணையத்துல வேலை. தட்டை வெச்சு, வில்லை இழுத்து மாட்டி, நெம்புகோலைப் புடிச்சுக்கிட்டுத் தயாரா உக்காந்திருப்பான். இப்ப, தட்டை விடறதுக்கு ஆராச்சும் குரல் குடுக்கோணும் இல்லீங்களா. கிளப்புல சுடறவனே கத்துவான். எனக்கு அது ஆகலை. வாயத் தெறந்தாக் கன்னம் கட்டைய விட்டு நகந்துருது, கன்னம் நகந்தாத் தட்டு தப்பிருது. அதனால என்ன பண்ணினேன், தெய்வாத்தாளக் கூட்டியாந்து பின்னால நிறுத்தினேன். நான் எடது காலு பெருவெரலைத் தரையில ஒரு தட்டு தட்டுவேன். அவ "விடு!"ன்னு குழியப் பாத்துக் கத்துவா. மயிலான் இழுப்பான். தட்டு கெளம்பும். நான் சுடுவேன்.

மொத நாளு அவளுக்குச் சத்தமே வரலை. புடவைத் தலைப்பால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. கல்யாணமாகி ஒம்பது வருசம், கொழந்தை இல்லை, அந்த ஊட்டுக்குள்ள அவ சத்தம் போட்டு நான் கேட்டதில்லீங்க. போகப்போக அடேங்கப்பா, என்ன குரலு! பக்கத்துத் தோட்டத்துல இருந்து எட்டிப் பாப்பாங்க. "விடு!" டமால். "விடு!" டமால். மயிலான் குழிக்குள்ள இருந்து, "பண்ணாடிச்சி, ஒரு மூச்சு விடறதுக்கு நேரம் குடுங்க"ன்னு கெஞ்சுவான். அவ இன்னும் சத்தமா "விடு!"ம்பா. பண்ணாடின்னா எசமான், எங்க பக்கம் அப்படித்தான் கூப்புடுவாங்க. என்ர வாழ்க்கையிலயே சந்தோசமா இருந்தது அந்த ரெண்டு வருசந்தான். அதைச் சொல்றதுக்கு எனக்கு வெக்கமில்லை.

ரெண்டு வருசம், வாரத்துல நாலு நாளு. அவ குரல் கேட்டதும் துப்பாக்கி தோளுக்கு ஏறிரும், யோசிக்கறதே இல்லை. அதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க தம்பி. அதுலதான் எல்லாமே இருக்குது.

அவ மத்தபடி பூனை மாதிரி. என்னை ஒரு நாளு நீ வா போன்னு சொன்னவளில்லை. எங்க கோயமுத்தூர் சில்லாவைத்தான் தெரியுமே உங்களுக்கு, நாய்க்குட்டிக்கே "அக்கட்டப் போங்க"ன்னு சொல்ற ஊரு. அவ அதுலயும் ஒரு படி மேல. ஒருக்கா மாடு என்ர காலை மிதிச்சுருச்சு. அவ பதறி ஓடியாந்து மாட்டைப் பாத்து "ஏய் போ"ங்கறா, என்னையப் பாத்து "காலை எடுங்க"ங்கறா. ஒரே மூச்சுல. உசிரு போற அவசரத்துலயும் அவளுக்கு "ங்க" மாறாது. நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி பண்ணுவேன்.

அறுபத்தெட்டு மார்கழி. நொச்சிக்குளத்துக்குச் சிறகி எறங்கியிருக்குதுன்னு சேதி வந்துச்சு. சிறகின்னா காட்டு வாத்துல சின்ன சாதி. பர்மிட் வாங்கினேன். லட்சுமிநரசுவ நானே கூப்பிட்டேன். வந்து பாக்கட்டும்னுதான். காலையில வெடிய வெடியப் போயிட்டோம். தண்ணியோரத்துல அவரும் நானும். பின்னால கரை மேல, உசரத்துல, தெய்வாத்தா டிபன் கேரியரை வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. மயிலான் குளத்தைச் சுத்திப் போய் எதுத்தாப்பல கோரைக்குள்ள பூந்து பறவையக் கலைச்சு விடோணும். அவன்கிட்டப் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். டேய், பறவை எந்திரிச்சதும் நீ கோரைக்குள்ள மண்டி போட்டுக் குனிஞ்சுக்கோ. ஒரு ஆளு சுட்டா ரெண்டு வெடி. என்னோட ரெண்டு வெடியும் கேட்ட பின்னாலதான் தலையத் தூக்கோணும்னு. சரிங்க பண்ணாடின்னான்.

மூணு மணி நேரத்துல லட்சுமிநரசு ஒம்பது பறவை எடுத்துட்டாரு. நான் ஒண்ணுமில்லை. ஒண்ணு கூட இல்லைங்க. தட்டு சுட்டுச் சுட்டு எனக்குக் கை அப்படியே பழகிக் கெடக்குது, பறவைக்கு முன்னால போகவேண்டிய குழல் பறவைக்குப் பின்னாலயே போகுது. அவரு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "என்னங்க, உங்களுக்கு இங்கயும் ஒருத்தரு 'விடு'ன்னு சொன்னாத்தான் விழுமோ?"ன்னாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. கடையில சிரிச்ச அதே சிரிப்பு. கரை மேல தெய்வாத்தாளுக்கும் கேட்டிருக்கும். அவரைச் சொல்லிக் குத்தமில்லை, வெளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனா எனக்குக் காது ரெண்டும் சுட்டுப்போச்சு.

அப்ப எந்திரிச்சுதுங்க ஒரு கூட்டம். லட்சுமிநரசு துப்பாக்கியில தோட்டா மாத்திக்கிட்டு இருக்காரு. எனக்கே எனக்குன்னு வந்த கூட்டம். முன் விசைய அமுக்கினேன். டமால். தப்பிருச்சு. கூட்டத்துல ஒண்ணு மட்டும் பிரிஞ்சு, சட்டுனு திரும்பி, தாழ்வாக் கோரைய ஒட்டிப் போகுது. நல்ல கொழுத்த பறவை. குழல் இந்தத் தடவை சரியா அதுக்கு முன்னால போயிருச்சு. எனக்கே தெரியுது, இது விழப்போகுதுன்னு. பின் விசை மேல வெரலு.

அப்பத்தான் பின்னால இருந்து அவ கத்தினா. "விடு!"ன்னு.

நான் சொன்னனே. ரெண்டு வருசம். அந்தக் குரலு, அந்தச் சொல்லு. கேட்டா வெரலு அமுக்கும். அமுக்கிருச்சு. அதே நேரத்துல கோரைக்குள்ள இருந்து மயிலான் எந்திரிச்சு நிக்கறான். ஒரு வெடிதான் கேட்டிருக்கான், ரெண்டாவது வெடி கேக்கறதுக்கு முன்னால எதுக்கு எந்திரிச்சான்? இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கலை. குனிஞ்சு கெடந்திருந்தா ரவையெல்லாம் தலைக்கு மேல போயிருக்கும். நேரா மூஞ்சி மேல வாங்கிக்கிட்டான்.

இதுல ஒரு அதிசயம் கேளுங்க. இடது குழல்ல நான் அவசரத்துல போட்டது தட்டுத் தோட்டா. பொடி ரவை. பறவைத் தோட்டாவா இருந்திருந்தா மயிலான் அங்கயே முடிஞ்சிருப்பான்னு டாக்டரு சொன்னாரு. கண்ணு ரெண்டும் போச்சு, உசிரு நின்னுச்சு. ரெண்டுக்கும் ஒரே துப்பாக்கியா இருந்ததால ஒரு உசிரு தப்பிச்சுது பாருங்க.

கேசு ஆச்சு. இன்ஸ்பெக்டரு ஊட்டுக்கே வந்தாரு. நான் பேசறதுக்கு முன்னால தெய்வாத்தா முன்னால வந்து நின்னா. ஆம்பளைங்க முன்னால வராதவ. "நான்தானுங்க. மயிலானோட தலைத்துண்டு கோரைக்குள்ள தெரிஞ்சுது. வேண்டாம், விட்டுருங்கன்னு சொல்ல நெனைச்சேன். பழக்கத்துல 'விடு'ன்னு வாயில வந்துருச்சு. அவிய அதைச் சுடச் சொன்னதா நெனைச்சுட்டாங்க"ன்னா. இன்ஸ்பெக்டரு அப்படியே எழுதிக்கிட்டாரு. கையெழுத்துப் போட்டா. லட்சுமிநரசு, "நான் தோட்டா மாத்திக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் காதுல விழலை"ன்னுட்டாரு. அஜாக்கிரதைன்னு எனக்கு அபராதத்தோட போச்சு. பேப்பர்லகூட ஒரு ஓரமா வந்துச்சு, மனைவி சொன்ன சொல்லால் வந்த விபரீதம்னு.

ஊரு சும்மா விடுமா? கல்யாணம் காச்சின்னு போனா, இவதான் புருசங்கிட்டச் சுடச் சொன்னவன்னு காது பக்கமாப் பேசுவாங்க. அவ அப்புறம் போறதையே நிறுத்திட்டா. மயிலானுக்குப் பேசி வெச்சிருந்த பொண்ணு வேற எடம் போயிருச்சு. அவங்காத்தாளும் ரெண்டு வருசத்துல போயிட்டா. தெய்வாத்தா அவனை இங்கயே கூட்டியாந்து வெச்சுக்கிட்டா. இருவது வருசமுங்க. சோத்தைப் பெசைஞ்சு, குழம்பு இந்தப் பக்கம், பொரியல் அந்தப் பக்கம்னு அவன் வெரலைப் புடிச்சுத் தொட்டுக் காட்டுவா. ஒரு வேளை தப்பலை. பாவம், தான் பண்ணின தப்புக்குத் தானே பிராயச்சித்தம் பண்ணிக்கிட்டா. நானும் ஒரு நாளு அவளைக் குத்திக் காட்டினதில்லை. உன்னாலதானேன்னு ஒரு சொல்லு என் வாயில வந்ததில்லை. அந்த விசயத்துல நான் பெரிய மனுசந்தான் தம்பி, ஆரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

என்னங்க? என்ன கேட்டீங்க?

"உங்களை நீ வா போன்னு சொல்லாதவிய, உங்களைப் பாத்து எப்படி 'விடு'ன்னு சொன்னாங்க?"ன்னா கேக்கறீங்க? அட, அவசரத்துல மரியாதை ஏதுங்க? மண்டையில என்ன வருதோ அதுதானே வாயில வரும். மாட்டுக் கதையா? அது வேற, இது வேற. மாடு மிதிச்சது ஒரு அவசரமா? நீங்க படிச்சவங்க, நோண்டி நோண்டிக் கேக்கறீங்க. அன்னைக்கு இன்ஸ்பெக்டரே கேக்கலை. முன்னால வந்த மூணு பேரும் கேக்கலை. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

கோவிச்சுக்காதீங்க. உக்காருங்க. இன்னும் கொஞ்சோண்டுதான் இருக்குது, முடிச்சுடறேன். மோரு அப்படியே இருக்குதே.

ஆஸ்பத்திரியில பதினோரு நாளு கெடந்தா. கடைசி நாளு மத்தியானம் கொஞ்சம் தெளிவா இருந்தா. மயிலானுக்கு ஆரு சோறு போடுவாங்கன்னு கேட்டா. நான் போடறேன்னேன். அப்புறந்தான் துப்பாக்கி பேச்சை எடுத்தா. வித்துருங்க, நடந்ததை நடந்தபடி சொல்லிட்டு வில்லுங்கன்னு. "அதுக்கென்ன கண்ணு, எல்லார்த்துக்கிட்டயும் அதைத்தானே சொல்லிட்டு இருக்கேன். நீ 'விடு'ன்னே, நான் சுட்டேன்"னேன். அவ என்னையவே பாத்தா. "நடந்தபடிங்க"ன்னா மறுக்கா. நானும் விடலை. "இன்ஸ்பெக்டரு எழுதினதே அதுதானே, நீ உன் வாயால சொன்னதுதானே"ன்னேன். அவ கையக் கொஞ்சமாத் தூக்கினா. "விடுங்க"ன்னா. அவ்வளவுதான். செவுத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிட்டா. அஞ்சரைக்கு மூச்சு நின்னுருச்சு.

அந்த "விடுங்க" இருக்குது பாருங்க, சலிச்சுப் போய்ப் போதும் விடுங்கன்னு சொல்லுவாங்களே, அப்படி இல்லை தம்பி. அதே குரலு. சத்தந்தான் கம்மி. கரை மேல நின்னுக்கிட்டு ரெண்டு தடவை கத்தினாளே, "விடுங்க! விடுங்க!"ன்னு, அதே குரலு. தெனமும் சாயங்காலம் எனக்குப் பின்னால கேக்கறதும் அதேதான்.

இப்ப நான் என்ன சொன்னேன்?

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க?

சரி. சொல்லிட்டேன். வாயில வந்துருச்சு, இனி அள்ள முடியாது. "விடுங்க"ன்னுதான் சொன்னா. என்னையத்தான் சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு தம்பி, "ங்க"வோட சேத்தித்தான் கேட்டுச்சு. சுடாதீங்கன்னு அர்த்தம்னு தெரியும். தாழ்வாப் போற பறவையச் சுடக்கூடாதுன்னும் தெரியும், கோரைக்குள்ள ஆளு இருக்கறான்னும் தெரியும். ஆனா பறவை குழலுக்கு நேரா இருந்துச்சு. அந்தச் சிரிப்பு காதுக்குள்ள இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணு விழுந்தாப் போதும்னு இருந்துச்சு. பழக்கமாவது மண்ணாவது. தெரிஞ்சுதான் அமுக்கினேன்.

இன்ஸ்பெக்டரு முன்னால அவ ஏன் அப்படிச் சொன்னான்னு நான் கேக்கவே இல்லைங்க. இருவது வருசம் ஒரே ஊட்டுல இருந்தோம். ஒரு ராத்திரி, ஒரு பகலு, "ஏன் தெய்வா அப்படிச் சொன்னே?"ன்னு ஒரு வார்த்தை கேக்கலை. அவ சொன்னதே நெசம்னு நானும் நம்பிக்கிட்டேன். சொல்லச் சொல்ல அது எனக்கும் நெசமாவே ஆயிருச்சு. அவதான் பாவம், ஆரு நம்பினாலும் அவளுக்குத் தெரியுமே.

இருங்க. மெதுவாப் பேசோணும்னு நெனைச்சேன், சத்தமாவே பேசிட்டேன் போல. அங்க பாருங்க, மயிலான் தலையத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறதை. எல்லாத்தையும் கேட்டிருப்பான். குழிக்குள்ள உக்காந்து அவ குரலுக்குக் காத்துக்கிட்டே இருந்த காது அது, மண்ணு உதுந்தாலும் கேக்கும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதும் எனக்கு. இத்தனை வருசத்துல இதையும் நான் அவன்கிட்டக் கேட்டதில்லை. பயந்தான். இன்னைக்குக் கேட்டுப்போடறேன், நீங்க கூட இருங்க.

டேய் மயிலா! ரெண்டு வெடி கேக்காம எந்திரிக்கக் கூடாதுன்னு அத்தனை தடவை சொல்லியிருந்தனேடா. ஒரு வெடிதானே கேட்டுச்சு. எதுக்குடா எந்திரிச்சே?

கேட்டுச்சுங்களா தம்பி, அவன் சொல்றது?

"பண்ணாடிச்சி 'விடுங்க'ன்னாங்கள்ல. எனக்குன்னா 'விடு'ம்பாங்க. உங்களைத்தான் சொல்றாங்க, இனி சுடமாட்டீங்கன்னு எந்திரிச்சனுங்க பண்ணாடி"ங்கறான்.